மஞ்சள் கோட்டின் மேல் ஒரு நாற்காலி

தம்பி அப்படி ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருந்தால் அக்கா அன்றைக்கும் வேனை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத்தான் போயிருப்பாள். இருபத்தாறு பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேன் அது. பதினொரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் பிந்திப் போனதில்லை. அன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருந்த தம்பி, வாயில் நுரையோடு, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னான்:

“அக்கா, உச்சியில இருந்து பாத்தா மனுஷங்க எல்லாம் புள்ளி மாதிரி இருப்பாங்க. அதுல ஒரு புள்ளி அழிஞ்சா யாருக்கும் தெரியப் போறதில்ல.”

அவன் கட்டடம் எழுப்புகிற இடங்களில் டவர் கிரேன் ஓட்டுகிறவன். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அவன் தூக்கிய கம்பிக்கட்டு, வடம் அறுந்து கீழே விழுந்தது. கீழே நின்று சைகை காட்டிக்கொண்டிருந்த கூட்டாளி, ஆறு வருஷமாக அவனோடு ஒரே டப்பாவில் கைவைத்துச் சாப்பிட்டவன், நின்ற இடத்திலேயே போய்விட்டான். வடம் பழசு, ஓட்டியவன் மேல் தப்பில்லை என்று விசாரணை நடத்தியவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தைத் தம்பி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து கண் மூடவில்லை. தொண்டையில் ஒரு பருக்கை இறங்கவில்லை.

அக்கா வேன் சாவியைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தாள். தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிடியை விடாமல் இரண்டு பஸ் மாறி, ஊரின் மறுகோடியில் இருக்கிற ஒருங்கிணைந்த மனநல மேம்பாட்டு நிலையத்துக்கு வந்து சேர்ந்தாள்.

பெயர்ப்பலகையில் ‘ஒருங்கிணைந்த’ என்ற சொல்தான் இருப்பதிலேயே பெரிய எழுத்து. அதன் கீழே இரண்டு வாசல்கள் இருந்தன. இடதுபக்கம் மூளைத் துறை. வலதுபக்கம் மனத் துறை. நடுவே ஓடிய நீளமான நடையில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். இரண்டு துறைகளின் தலைமைகளும் ஒன்பது வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. குடிதண்ணீர்க் குழாய் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தது, டம்ளர் அந்தப் பக்கம் இருந்தது. தாகம் எடுத்தவர்கள் கையால் ஏந்திக் குடித்தார்கள்.

கோட்டின் மேலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்தார். அவரும் டாக்டர்தான். மாற்றலாகி வந்து நாலு மாதம் ஆகிறது. எந்தத் துறை என்று உத்தரவு வரவில்லை. துறை இல்லாதவருக்கு அறை இல்லை, வெள்ளைக் கோட்டும் இல்லை. ஊழியர்கள் அவரைக் ‘கோட்டு டாக்டர்’ என்றார்கள். கோட்டு இல்லாதவரை ஏன் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று வெளியாட்கள் குழம்புவார்கள்.

பதிவு செய்கிற கிளார்க் ஒரு படிவத்தை நீட்டினார். பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதினாள் அக்கா. நாலாவது வரியில் பேனா நின்றது. ‘நோய் எங்கே இருக்கிறது? (அ) மூளையில் (ஆ) மனத்தில்.’

“சார், இதுல எதை எழுதறது?”

“இருக்கிற இடத்தை எழுதுங்க.”

“அது தெரியாமத்தானே சார் இங்க வந்தோம்!”

“ரெண்டையும் டிக் பண்ணிடாதீங்க, படிவம் செல்லாமப் போயிடும். போன மாசம் ஒருத்தர் அப்படிப் பண்ணிட்டு இன்னும் அலையறார்.” கிளார்க் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். “தம்பி, நீங்களே சொல்லுங்க. எங்க இருக்கு?”

தம்பி வெகுநேரம் யோசித்தான். பிறகு நெஞ்சில் கைவைத்தான். அப்புறம் அதே கையைத் தலைக்குக் கொண்டுபோனான்.

“ஒரே இடத்துல வைங்க தம்பி” என்றார் கிளார்க் பொறுமையாக.

இடதுபக்க வரிசை சின்னதாக இருந்தது. அக்கா மூளை என்று டிக் அடித்தாள்.

மூளைத் துறை டாக்டரின் மேஜையில் பிளாஸ்டிக் மூளை ஒன்று இருந்தது. அவர் தம்பியைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “துக்கம், ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள?”

“சார், என் கூட்டாளி கீழ நின்னு...”

டாக்டர் கையை உயர்த்தினார். “எண் மட்டும்.”

“பதினொண்ணு.”

“பத்துக்கு மேல கம்ப்யூட்டர் எடுத்துக்காது. பத்துன்னு போட்டுக்கறேன். தூக்கம்?”

“அவன் போனதிலேருந்து இல்ல சார்.”

தட்டச்சு சட்டென்று நின்றது. “எவன் போனதிலேருந்து?”

அக்கா நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் இருண்டது. அனுதாபத்தில் இருண்டதாக அவள் நினைத்தாள்.

“என்னம்மா இது? காரணத்தை வெச்சுக்கிட்டா இங்க வந்தீங்க? காரணமில்லாத துக்கம்தாம்மா எங்களுடையது. காரணம் இருந்தா அது அந்தப் பக்கம். நல்லவேளை, மருந்து எழுதறதுக்குள்ள சொன்னீங்க.” படிவத்தில் ‘காரணம் கண்டறியப்பட்டது, சிகிச்சை தேவையில்லை’ என்று முத்திரை குத்தினார். “தம்பி, இனிமே இந்த அறையில அந்த விஷயத்தைப் பேசாதீங்க. அடுத்து வர்றவங்களுக்கு ஒரு மாதிரி ஆயிடும்.”

மஞ்சள் கோட்டைத் தாண்டினார்கள். கோட்டு டாக்டர் காலைச் சற்று மடக்கி வழிவிட்டார். தம்பி நடந்த விதத்தை அவர் புத்தகத்துக்கு மேலாகப் பார்த்ததை அக்கா கவனிக்கவில்லை. அவள் கவனமெல்லாம் தன் விரல்களுக்குள் துடித்த மணிக்கட்டில் இருந்தது.

வலதுபக்கம் மெத்தை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மேஜையில் கண் துடைக்கிற காகிதம். மனத் துறையின் ஆலோசகர் அம்மாள் புன்னகைத்தார். புன்னகைத்தபடியே இருந்தார். ஐந்து நிமிஷம் போனது. பத்து நிமிஷம் போனது. நோயாளி தானாக வாயைத் திறக்கும்வரை காத்திருப்பது அவர்களுடைய முறை. தம்பியோ, ‘அந்த விஷயத்தைப் பேசாதீங்க’ என்று சற்றுமுன்தான் கேட்டுவிட்டு வந்தவன். ஆளுக்கொரு மௌனத்தைப் பிடித்துக்கொண்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நாற்பதாவது நிமிஷத்தில் தம்பியின் தலை ஒருபக்கம் சரிந்து, திடுக்கிட்டு நிமிர்ந்தது.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “அம்மா, புண்ணியமாப் போகட்டும். அவன் தூங்கிப் பன்னெண்டு நாளாச்சு. முதல்ல தூங்க ஏதாவது பண்ணுங்க.”

ஆலோசகர் அம்மாள் தலையைச் சாய்த்தார். “அவர் தூங்கணும்னு உங்களுக்கு ஏன் தோணுது?”

காதில் விழுந்தது சரிதானா என்று அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

“சொல்லுங்க. அவரோட தூக்கம் உங்களுக்கு எதைக் கொடுக்குது?”

“எனக்கு என்னத்தம்மா கொடுக்கும்? மனுஷன் தூங்கணும்! எங்க அப்பாவுக்கும் ஒரு தடவை இப்படி வந்துச்சு. அப்ப ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்து...”

மாத்திரை என்ற சொல்லைக் கேட்டதும் ஆலோசகர் அம்மாள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். திரும்பி வந்தபோது புன்னகை இல்லை. “அப்பாவுக்கும் இருந்துச்சா? இதை முதல்லயே சொல்லியிருக்கணும். அப்பன்கிட்டேருந்து வந்ததுன்னா அது ரத்தத்துல வந்தது. ரத்தம் அந்தப் பக்கம்.”

“அந்தப் பக்கத்துல, இந்தப் பக்கம்னு சொன்னாங்களே!”

“அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. உங்களுக்கு இதுல கோபம் வருது பாருங்க. நல்லது. கோபத்துக்கு வியாழக்கிழமை வாங்க.”

இப்படிப் படிவம் கோட்டை ஐந்து தடவை தாண்டியது. ஆறாவது தடவை இரண்டு பக்கத்துக் கிளார்க்குகளும் அதைத் தொட மறுத்து, பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகக் கோட்டின் மேலேயே வைத்துவிட்டார்கள். சாதாரணமாக அப்படிக் கிடக்கிற படிவம் மூன்று மாதம் கிடக்கும். அன்று தலைமையகத்திலிருந்து ஆய்வு அதிகாரி வந்திருந்தார். நடையில் கிடந்த காகிதத்தை அவரே குனிந்து எடுத்தார். “ஒருங்கிணைப்புக் குழுவைக் கூட்டுங்க. நோயாளியையும் மேடையில உட்கார வைங்க” என்றார்.

கூட்ட அரங்கில் இருநூறு நாற்காலி. தம்பியை மேடை ஓரத்தில் உட்கார வைத்தார்கள். உறவினர்களுக்கு மேடையில் இடமில்லை என்று அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார் ஓர் ஊழியர். அவள் பதினெட்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து தம்பி விரல் நீளம் தெரிந்தான். கண்ணை அவனிடமிருந்து எடுக்கக் கூடாது என்று தனக்குத்தானே கட்டளை போட்டுக்கொண்டாள்.

மூளைத் துறைத் தலைவர் முதலில் பேசினார்.

“முப்பது வருஷமா நான் மனுஷத் தலைகளை ஸ்கேன் பண்ணிட்டிருக்கேன். மனசுன்னு ஒண்ணு இருந்தா ஒருத்தர்கிட்டயாவது அது தெரிஞ்சிருக்கணுமே! தெரியலை. என் மனைவியே ‘உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இல்லவே இல்ல’ன்னு சொல்றா. இருபத்தேழு வருஷம் கூடவே இருந்து பாத்தவங்க சொல்ற சாட்சி இது. இந்த இளைஞரை எடுத்துக்குங்க. இவருக்கு என்ன ஆச்சுன்னு நான் கேட்கலை. கேட்டா சொல்லிடுவார். சொல்லிட்டா நம்ம முடிவு பாதிக்கப்படும்.”

இடதுபக்கத்து நூறு பேர் கைதட்டினார்கள். தம்பி தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மனத் துறைத் தலைவி எழுந்தார். “மூளையை நாங்க மறுக்கலை. முழங்கால் மாதிரி அதுவும் ஒரு உறுப்பு. ஆனா மருந்துங்கறது என்ன? வாயை அடைக்கற வேலை. நாங்க வாயைத் திறக்கறோம். என்கிட்ட ஒரு பெரியவர் பதினாலு வருஷமா வாராவாரம் வந்து பேசிட்டிருக்கார். அவருக்கு இன்னும் ஏழு வயசுகூட ஆகலை, அதாவது அவர் சொல்லிட்டு வர்ற கதையில. குணமாகலையான்னு கேட்பாங்க. குணமாக்கறது அவசரக்காரங்க வேலை. போன வருஷம் அவர் ‘கொஞ்சம் பரவாயில்ல’ன்னு சொன்னார். அது எதிர்ப்பு மனோபாவம்னு எடுத்துச் சொல்லி, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சோம்.”

வலதுபக்கத்து நூறு பேர் கைதட்டினார்கள். கைதட்டலில் முன்வரிசை ஆட்கள் எழுந்து நின்றதால் மேடை மறைந்தது. அவர்கள் உட்கார்ந்தபோது தம்பியின் நாற்காலி காலியாக இருந்தது. அதன் மேல் நாலாக மடித்த ஒரு காகிதம் மட்டும் இருந்தது.

அக்கா துள்ளி எழுந்தாள். “தம்பி!” என்று கத்தினாள். மேடையிலிருந்த ஆய்வு அதிகாரி, “கேள்விகள் கடைசியில்” என்றார்.

நாற்காலிகளில் இடித்துக்கொண்டு அவள் நடைக்கு ஓடி வந்தாள். இடதுபக்க மாடிப்படியில் ஒரு காவலர் நின்றார். வலதுபக்க மாடிப்படியில் இன்னொருவர்.

“இப்ப ஒரு ஆளு வெளிய வந்தானே, நீலச் சட்டை, எங்க போனான்?”

“எந்தத் துறை நோயாளிம்மா?” என்றார் இடதுபக்கத்துக் காவலர்.

“ஐயோ, எதுவும் முடிவாகலைங்க!”

“அப்ப அவர் நோயாளியே இல்லையே. நோயாளி இல்லாதவங்களைத் தடுக்கறதுக்கு எங்களுக்கு அதிகாரம் கிடையாது.” மற்றவரைப் பார்த்தார். “நீ பாத்தியாப்பா?”

“என் பக்கமா வரலை. நடுப்படியில ஏறினார்னு நினைக்கறேன். நடுப்படி யாரோட பொறுப்புன்னு இன்னும் தீர்மானம் ஆகலைம்மா.”

நடுப்படி மொட்டைமாடிக்குப் போகிற படி. அக்கா இரண்டிரண்டு படியாகத் தாவினாள். முதல் தளம். ஆளில்லை. இரண்டாவது தளம். ஜன்னல் கம்பிக்கு வெளியே ஆகாயம் வெறுமனே கிடந்தது. கூப்பிட வாயெடுத்து அடக்கிக்கொண்டாள். கூப்பிட்டால் அவன் அவசரப்பட்டுவிடுவானோ என்று பயம். மூன்றாவது தளத்துத் திருப்பத்தில் பேச்சுக்குரல் கேட்டது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாடிக் கதவு பூட்டியிருந்தது. கதவில் முதுகைச் சாய்த்துத் தம்பி மேல்படியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு படி கீழே கோட்டு டாக்டர், மூச்சு வாங்க, செருப்பு ஒன்று எங்கோ கழன்றுபோன காலோடு உட்கார்ந்திருந்தார்.

“கதவு திறந்திருக்கும்னு நினைச்சுத்தான் வந்தீங்களா?” என்று அவர் கேட்டார். குரலில் பதற்றமும் இல்லை, அதட்டலும் இல்லை.

“ஆமா.”

“சாகணும்னு தோணுதா?”

அந்தக் கேள்வியைக் காலையிலிருந்து யாருமே கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. கேட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயந்திருந்தாள்.

தம்பி கதவின் பூட்டைப் பார்த்தான். “ஆமா” என்றான். சொன்னதும் அவன் தோள் இரண்டும் இறங்கின. பிறகு பேச்சு வந்தது. கூட்டாளி அன்று கையை உயர்த்தி ‘நிறுத்து’ என்று காட்டியதை, தான் நிறுத்துகிற விசையை இழுத்ததை, இழுத்தும் பாரம் நிற்காததை, அந்தக் கை இன்னும் உயர்ந்தபடியே கண்ணுக்குள் நிற்பதை எல்லாம் சொன்னான். “தப்பு இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க மேடம். நான் நிறுத்தினேனா இல்லையான்னு யாரும் கேட்கலை.”

“நிறுத்தினீங்களா?”

“நிறுத்தினேன் மேடம். சத்தியமா நிறுத்தினேன்.” அதன் பிறகு அவன் அழுத அழுகை மூன்று மாடியும் கேட்டிருக்கும். அரங்கத்தில் கைதட்டல் நடந்துகொண்டிருந்ததால் கேட்கவில்லை.

அழுது முடிக்கும்வரை டாக்டர் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பிறகு சொன்னார்: “இன்னிக்கு நீங்க வீட்டுக்குப் போகக் கூடாது. இங்கேயே படுங்க, அக்காவும் கூட இருக்கட்டும். தூங்கறதுக்கு மருந்து தர்றேன். எழுந்ததும் பேசுவோம். நாளைக்கும் பேசுவோம். அப்பாவுக்கும் இருந்ததாப் படிவத்துல பாத்தேன், அவருக்கு எந்த மருந்து கேட்டுச்சுன்னு கண்டுபிடிச்சு அதையும் ஆரம்பிக்கலாம்.”

ஒரே நாளில் அந்த நிலையத்தின் வழக்கத்துக்கு நன்றாகப் பழகிப்போயிருந்த அக்கா கேட்டாள்: “ரெண்டுல எதும்மா? பேச்சா, மாத்திரையா?”

“மழையில நனைஞ்சு காய்ச்சலோட வந்தவனுக்கு மாத்திரையும் கொடுப்பீங்க, ஈரத்துணியையும் மாத்துவீங்கல்ல? ஏதாவது ஒண்ணுதான்னு யார் சொன்னாங்க?”

அக்கா கீழே இருந்த முழு நிலையத்தையும் கையால் காட்டினாள்.

படுக்கைக்குத்தான் சிக்கல் வந்தது. கடைசியில் தலைமை நர்ஸம்மா ஓர் அறையைத் திறந்துவிட்டார். எந்தத் துறைக்கு என்று தகராறாகி ஒன்பது வருஷமாகப் பூட்டிக் கிடந்த அறை. மெத்தைமேல் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. “சாவி என்கிட்டதான் இருக்கு. யாரும் கேட்டதே இல்லை” என்றார். அந்த மெத்தையில் தம்பி பதினாறு மணி நேரம் தூங்கினான். அக்கா ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் அவன் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு வாரம் அப்படியே நடந்தது. மருந்து நடந்தது, பேச்சும் நடந்தது. முதல் மருந்தில் கை நடுங்கியது, மாற்றினார்கள். ஒரு நாள் நன்றாகப் பேசினான், மறுநாள் சுவரைப் பார்த்துப் படுத்தான். மூன்றாவது வாரம் ஒரு முழுத்தட்டுச் சாப்பிட்டான். ஐந்தாவது வாரம், கூட்டாளியின் வீட்டுக்குப் போய் அவன் மனைவியிடம் கை உயர்ந்த கதையைச் சொல்லிவிட்டு வந்தான். அந்தப் பெண் அழுதாள், ஆனால் கதவைச் சாத்தவில்லை.

இது நிலையத்துக்குத் தெரியவந்தபோது பெரிய கொந்தளிப்பானது. ‘துறை ஒதுக்கப்படாமல் குணமடைதல்’ என்ற குற்றத்துக்கு விதிப்புத்தகத்தில் இடமே இல்லை. புதிதாக ஒரு பக்கம் சேர்த்தார்கள். குணம் எந்தத் துறைக்குச் சேரும் என்று கேள்வி வந்தது. இரண்டு தலைமைகளும் முதலில் தங்களுக்குத்தான் என்று கேட்டார்கள். எந்தத் துறைக்கும் சேராமல் இருந்தால்தான் கோட்டு டாக்டருக்கு வேலை போகும் என்று தெரிந்ததும் இருவரும் வேண்டாம் என்றார்கள். குற்றப்பத்திரிகையில் இரண்டு தலைமைகளும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒருவர் பேனாவை மற்றவர் வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆய்வு அதிகாரி கண்கலங்கிவிட்டார். ‘ஒருங்கிணைப்பு எய்தப்பட்டது’ என்று தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்பினார்.

விசாரணைக்கு அக்காவையும் தம்பியையும் கூப்பிட்டார்கள். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் ஏழு பேர். இந்தப் பக்கம் ஒரு ஸ்டூலில் கோட்டு டாக்டர். அக்கா தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தாங்கள் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் அந்த அம்மாளின் பிழைப்பு போய்விடும்.

“சுருக்கமாச் சொல்லுங்க” என்றார் மூளைத் துறைத் தலைவர். “நீங்க எதனால குணமானீங்க?”

தம்பி எழுந்து நின்றான். “நான் இன்னும் குணமாகலை சார். நேத்துகூட அழுதேன். ஆனா நேத்து சாப்பிட்டுட்டு அழுதேன்.”

“அது மருந்தாலயா?”

“இருக்கலாம் சார்.”

“இல்ல, பேசினதாலயா?” என்றார் மனத் துறைத் தலைவி.

“அதுவும் இருக்கலாம் மேடம். எதுன்னு எனக்குத் தெரியலை. ஒண்ணு மட்டும் தெரியும். அன்னிக்கு அரங்கத்துல இருநூறு பேர் என்னைப் பத்திப் பேசிட்டிருந்தீங்க. நான் எழுந்து போனதை நீங்க யாரும் பாக்கலை. வெளிய, படியில ஏறினப்போ, எங்க அக்காவைத் தவிர என் பின்னாடி வந்தவங்க இவங்க ஒருத்தர்தான்.”

ஆய்வு அதிகாரி, குறிப்பெழுதிக்கொண்டிருந்தவர் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: “கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லைன்னு போட்டுக்குங்க.”

வேலை போகவில்லை. துறை இல்லாதவரை எந்தத் துறையிலிருந்தும் நீக்க முடியாது என்று சட்டம் தெரிந்த யாரோ சொல்லிவிட்டார்கள். அதனால் நாலு மாதமும் ஏழு வாரமும் வராத பணி உத்தரவு அன்று மாலையே வந்தது. கட்டடத்தின் பின்னால், பழைய பதிவேட்டு அறை. மனிதர்கள் யாரும் போகாத இடம். பழைய காகிதங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியது.

தம்பி அங்கேயும் போனான். அவன் விடுவதாயில்லை. காகிதக் கட்டுகளுக்கு நடுவே இரண்டு ஸ்டூல் போட்டு மருந்தும் பேச்சும் தொடர்ந்தன. ஊழியர் யாரோ தங்கள் தங்கையை ரகசியமாகக் கூட்டிவந்தார்கள். கிளார்க்கே ஒருநாள் வந்து, தனக்கில்லை, தனக்குத் தெரிந்தவருக்கு என்று சொல்லி ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார்.

செய்தி மேலே போனது. நிலையம் உடனடியாக நடவடிக்கை எடுத்தது. பொதுமக்கள் ஏமாந்துவிடக் கூடாது என்று வாசலில் ஒரு பலகை வைத்தார்கள்: ‘பழைய பதிவேட்டு அறையில் மனநோய்க்கு எந்தச் சிகிச்சையும் அளிக்கப்படுவதில்லை.’ எந்த அறை என்று சந்தேகம் வரக் கூடாதல்லவா? கீழே அம்புக்குறி போட்டார்கள். நடையில் திரும்புகிற இடத்தில் ஒன்று, பின்கட்டில் ஒன்று, கடைசியில் அறை வாசலிலேயே ஒன்று.

முதல் வாரம் நாலு பேர் வந்தார்கள். இரண்டாவது வாரம் முப்பது பேர். நிலையம் இன்னும் பெரிய எழுத்தில் பலகை எழுதச் சொன்னது.

அடுத்த திங்கட்கிழமை, பிள்ளைகளை இறக்கிவிட்ட வேனிலேயே அக்கா தம்பியைக் கொண்டுவந்து விட்டாள். அவன் முன்னால் போய்விட்டான். வாசலில் ஒரு வயதான தம்பதியர் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மாள் யாரையும் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் திரும்பி அக்காவிடம் கேட்டார்.

“ஏம்மா, இங்க என்ன போட்டிருக்கு? அப்ப அந்தப் பக்கம் போகக் கூடாதா?”

அக்கா பலகையை ஒருமுறை பார்த்தாள். “படிக்காதீங்க, ஐயா. அம்பு காட்டற வழியில போங்க.”

அவர்கள் போனார்கள். பதிவேட்டு அறைக்கு வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். தம்பி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, அந்த அம்மாளுக்கு இடம் விட்டான்.